அப்பாவின் லேண்ட்ரோவருக்கு முன் ஆக்சில்: பழையதையே பலப்படுத்துவதா, டிஸ்கவரி ஆக்சிலை ஏற்றுவதா?

கோஸ்தோட்டத்துப் பிள்ளை, பிரிஞ்சாங்:

எல்லோருக்கும் வணக்கம். மலேசியாவின் கேமரன் மலையில் பழைய லேண்ட்ரோவர் நிற்காத காய்கறித் தோட்டத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் கொட்டகையிலும் ஒன்று நிற்கிறது. 1974ஆம் ஆண்டின் சீரிஸ் 3, 88 அங்குல வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான நீளம்), 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். மேல்மேட்டிலிருந்து கோஸ் கூடைகளைச் சாலையோரத்துக்கு இறக்குவதும், உரமூட்டைகளை மேலே ஏற்றுவதும்தான் அதன் வாழ்நாள் வேலை. அப்பாவின் முழங்கால் தேய்ந்து அவர் ஓட்டுவதை நிறுத்திய பிறகு ஒன்பது ஆண்டுகள் தகரக் கூரையின் கீழ் அப்படியே நின்றுவிட்டது.

சென்ற ஆண்டு வேலையைத் தொடங்கினேன். சேஸிஸின் பின் குறுக்குச் சட்டத்தைப் புதிதாக வைத்து ஒட்டினேன். கியர்பாக்ஸைப் பிரித்துச் சேர்த்தாயிற்று. எஞ்சின் ஓடுகிறது. இப்போது முன் ஆக்சிலில் வந்து நிற்கிறேன். ஆறு வாரமாக ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

வலப்பக்கச் சுவிவலை, அதாவது முன்சக்கரம் திரும்பும் உருண்டை மூட்டைத் திறந்ததும் உள்ளே எண்ணெய் என்று ஒன்றுமே இல்லை. எண்ணெயும் தண்ணீரும் இரும்புத்தூளும் குழைந்து, சாம்பல் நிறத்தில் சாந்து போல் இருந்தது. அதற்குள் ஷாஃப்டை வளையவிடும் யுனிவர்சல் ஜாயிண்டில் இரண்டு முனைகளின் ஊசி பேரிங்குகள் பொடியாகிவிட்டன. குரோம் பூசிய உருண்டையில் அம்மைத் தழும்பு போல் குழிகள். புதிய சீல் போட்டாலும் ஒரு மாதம்கூடத் தாங்காது. கீழ்ப் பேரிங்கின் வளையத்தில் உருளைகள் பதிந்த பள்ளங்கள் வரிசையாகத் தெரிகின்றன. மேலே பேரிங்குக்குப் பதிலாக இருக்கும் ரெயில்கோ புஷ் என்ற குழல் ஒரு பக்கம் காகிதம் போல் தேய்ந்திருக்கிறது. சக்கரத்தைச் சுற்றும் தண்டான ஹாஃப் ஷாஃப்டைத் துடைத்துப் பார்த்தால், நேர்கோடாக ஓட வேண்டிய பற்கள் லேசாகச் சாய்ந்து முறுக்கிக்கொண்டிருக்கின்றன. இடப்பக்கம் இவ்வளவு மோசமில்லை. இரண்டு சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல் மட்டும் ஆச்சரியப்படும்படி நன்றாக இருக்கிறது. அப்பா அதன் எண்ணெயை மட்டும் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

பிரேக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, ஒரு மழைக்கால மாலையில், முழுச் சுமையோடு இறங்கிவந்த வண்டி கொட்டகைத் திருப்பத்தில் நிற்கவில்லை. அப்பா ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பி மண்மேட்டில் மோதி நிறுத்தினார். கூடைகள் சரிந்தன, கோஸ்கள் ஓடை வரைக்கும் உருண்டன. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அன்று அப்பாவின் கை நடுங்கியதை நான் பார்த்தேன். இந்த வண்டியை மறுபடியும் அதே சரிவில் இறக்கப் போகிறேன் என்றால், அதே 10 அங்குல டிரம் பிரேக்கோடு இறக்க எனக்கு மனம் இல்லை.

என் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. ஈப்போவில் வண்டிகளை வெட்டி விற்கும் கடை ஒன்றில் லேண்ட்ரோவரின் பிற்கால மாடலான முதல் தலைமுறை டிஸ்கவரியின் முன் ஆக்சில் முழுதாகக் கிடக்கிறது. டிஸ்க் பிரேக், சி.வி. ஜாயிண்ட் (வளைந்தாலும் சீராகச் சுற்றும் இணைப்பு) எல்லாம் சேர்த்து 2,800 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார்கள். காயில் ஸ்பிரிங் தாங்கிகளை அறுத்துவிட்டு, லீஃப் ஸ்பிரிங் உட்காரும் தட்டுகளை ஒட்டிக்கொள்ளலாம் என்கிறார் அந்தக் கடைக்காரர். இரண்டாவது, 1979 முதல் 1985 வரை வந்த 109 அங்குல வீல்பேஸ் வி8 (எட்டு சிலிண்டர்) வண்டியின் ஆக்சில். அது லீஃப் ஸ்பிரிங்குக்கென்றே செய்தது, அதிலும் சி.வி. ஜாயிண்ட் உண்டு. ஆனால் கையில் கிடைக்க வேண்டுமே. மூன்றாவது, அப்பாவின் ஆக்சிலையே முழுதாகப் புதுப்பித்து, உறுதியான ஷாஃப்டுகளும் 109இன் 11 அங்குல பிரேக்குகளும் போடுவது.

வாரத்தில் மூன்று நாள் தோட்டச் சரிவு, எப்போதாவது தானா ராத்தா வரை தார்ச்சாலை. இதுதான் வண்டிக்கு இனி இருக்கும் வேலை. உங்களில் யாராவது இந்த வேலையைச் செய்திருந்தால், செய்ததையும் செய்த பின் வருந்தியதையும் சொல்லுங்கள்.


ரிங்லெட் பட்டறை:

தம்பி, நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தபோது என் பட்டறையில் மேசைமேல் பிரித்துவைத்திருக்கும் ஆக்சிலைப் பார்த்த மாதிரியே இருந்தது. இந்த மலையில் ஓடிய வண்டிகளில் பத்துக்கு எட்டு அப்படித்தான் இருக்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆக்சில் பலவீனத்தால் கெடவில்லை, எண்ணெய் இல்லாமல் கெட்டது. உருண்டையின் குரோம் உரிந்தது, சீல் கிழிந்தது, எண்ணெய் போனது, தண்ணீர் வந்தது, பேரிங்குகள் செத்தன. எந்த ஆக்சிலை ஏற்றினாலும் அதன் உருண்டையும் இதே மண்ணில்தான் புரளப் போகிறது. சி.வி. ஜாயிண்ட் தண்ணீரில் ஊறினால் யுனிவர்சல் ஜாயிண்டைவிட நாலு மடங்கு பணத்தைத் தின்னும்.

சி.வி. எதற்காக வந்தது என்று பாருங்கள். யுனிவர்சல் ஜாயிண்ட் நேராக இருக்கும்போது சீராகச் சுற்றும். சக்கரத்தைத் திருப்பியவுடன், உள்ளே ஷாஃப்ட் ஒரே வேகத்தில் சுற்றினாலும் வெளியே சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தளரும். 30 பாகை வளைந்திருந்தால் வேகம் ஏறத்தாழ 13 விழுக்காடு குறைந்தும் 15 விழுக்காடு கூடியும் மாறிக்கொண்டே இருக்கும். நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும் வண்டியில் அது ஸ்டியரிங்கை உலுக்கியெடுக்கும். ஆகவே ரேஞ்ச்ரோவருக்கும் அந்த வி8க்கும் சி.வி. தேவைப்பட்டது. உங்கள் வண்டியில் முன்சக்கரம் சேற்றில் மட்டும்தான் இழுக்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தைச் சேறு வாங்கிக்கொள்ளும். தார்ச்சாலையில் முன் இழுப்பைப் போட்டு ஓட்டாதவருக்கு சி.வி.யால் கிடைக்கும் நன்மை மிகக் குறைவு.

டிஸ்கவரி ஆக்சிலை ஏற்றினால் வரும் தொல்லைகளைச் சொல்கிறேன். அதன் பல் விகிதம் (சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஓட்டுத்தண்டு எத்தனை சுற்று என்பது) 3.54, உங்கள் பின் ஆக்சில் 4.7. இரண்டையும் கலந்து நான்கு சக்கர இழுப்பைப் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, இரண்டு ஆக்சிலுக்கும் இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் பாக்ஸை உடைத்துவிடும். முன்னும் பின்னும் 3.54 வைத்தால் சக்கரத்துக்குப் போகும் இழுவையில் நாலில் ஒரு பங்கு போய்விடும். உங்கள் 2.25 லிட்டர் எஞ்சினோடு, உரமூட்டை ஏற்றிக்கொண்டு, உங்கள் மேட்டில் கிளட்ச் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சீரிஸின் இட, வலச் சக்கரங்களின் இடைவெளி 51.5 அங்குலம், டிஸ்கவரி குடும்பத்துடையது 58.5. முன்பக்கம் மட்டும் பக்கத்துக்கு மூன்றரை அங்குலம் வெளியே பிதுங்கும். பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் போகாது. சேற்றில் அது பெரிய குறை: முன் சக்கரம் ஒரு பள்ளம் வெட்டும், பின் சக்கரம் இன்னொன்று வெட்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் ஒட்டு வேலை. ஸ்பிரிங் தட்டை ஒட்டும் கோணம்தான் காஸ்டரை, அதாவது சுவிவலின் பின்சாய்வைத் தீர்மானிக்கிறது. சீரிஸுக்கு அது 3 பாகை. ஒட்டும்போது சூட்டில் ஆக்சில் உறை முறுக்கிக்கொண்டால் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. உறை வளைந்தால் ஷாஃப்ட் சீல் ஒழுகும். அசையாமல் பிடிக்கும் நல்ல ஜிக்கில் கட்டி, விட்டுவிட்டு ஒட்டத் தெரிந்தவர் வேண்டும். வாசலில் செங்கல்மேல் வைத்து ஒட்டும் வேலை இல்லை இது.

என் கருத்து மூன்றாவது வழிதான். ஆனால் அதிலும் ஒரு திருத்தம் சொல்கிறேன். உறுதியான ஷாஃப்டுக்குச் செலவழிப்பதாக இருந்தால் பின்னால் செலவழியுங்கள். சீரிஸில் உடைவது பெரும்பாலும் பின் ஷாஃப்ட்தான், அதுவும் டிஃபரன்ஷியலுக்குள் நுழையும் பற்களின் அருகில். முன்னால் தரமான சாதாரண ஷாஃப்ட் போதும். ஷாஃப்டை அளவுக்கு மீறிப் பலப்படுத்தினால், அடுத்த முறை உடைவது டிஃபரன்ஷியலின் பல்சக்கரங்களான கிரவுனும் பினியனுமாக இருக்கும். ஷாஃப்ட் உடைந்தால் அரை நாள் வேலை. பினியன் உடைந்தால் வண்டியை இழுத்துக்கொண்டுதான் வர வேண்டும்.


ஈப்போ 109:

நண்பரே, நான் டிஸ்கவரி ஆக்சில் ஏற்றியவன், அதுவும் முன்னும் பின்னும். ஆகவே மறுபக்கத்தையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்.

பிரேக் அருமை. சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கும்போது முன்பெல்லாம் இரண்டாவது கியரில் பல்லைக் கடித்துக்கொண்டு வருவேன். இப்போது கார் ஓட்டுவது போல வருகிறேன். டிஸ்க் தண்ணீரில் நனைந்தாலும் இரண்டு முறை மிதித்தால் காய்ந்துவிடும். டிரம்முக்குள் சேற்றுத்தண்ணீர் போனால் அரை மைல் வரை நம்ப முடியாது. அகலம் கூடியதால் வளைவில் வண்டி சாய்வதும் குறைந்தது.

ஆனால் ரிங்லெட் அண்ணன் சொன்ன 3.54 விஷயம் உண்மை. முதல் மூன்று மாதம் அதோடு ஓட்டினேன். ஏற்றத்தில் நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் கிளட்ச் வாடை. கடைசியில் என் பழைய 4.7 டிஃபரன்ஷியல்களை எடுத்து டிஸ்கவரி உறைகளுக்குள் மாற்றினேன். ரோவர் டிஃபரன்ஷியல் ஒரே குடும்பம் என்பதால் உட்கார்ந்துகொண்டது. இங்கே ஒரு எச்சரிக்கை: ஆரம்ப கால டிஸ்கவரியின் உள் ஷாஃப்டில் 10 பற்கள், பிறகு வந்தவற்றில் 24. சீரிஸ் டிஃபரன்ஷியல் 10 பல்லைத்தான் ஏற்கும். கடையில் கிடப்பது எது என்று ஷாஃப்டை உருவி எண்ணிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

சக்கர போல்ட் இடைவெளி ஒன்றுதான், ஆனால் என் பழைய வீல் மாட்டினால் டயர் மட்கார்டுக்கு வெளியே நின்றது. வீல்களையும் மாற்றினேன், மட்கார்டுக்கு விளிம்பு ஒட்டினேன், ஸ்டியரிங் கம்பிகளைப் புதிதாகச் செய்தேன், பிரேக் மாஸ்டர் சிலிண்டரை மாற்றி, மிதிக்கும் விசையைக் கூட்டும் சர்வோ வைத்தேன். 2,800 வெள்ளியில் தொடங்கிய வேலை 11,000 வெள்ளியைத் தாண்டியது. பதினான்கு மாதம் ஆயிற்று. என் வண்டி நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகும் வண்டி, அதனால் எனக்கு வருத்தமில்லை. உங்கள் வேலை தோட்டச் சரிவு என்கிறீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதைச் செய்யமாட்டேன்.


ஹட்டன் மலைநாடன்:

வணக்கம். இலங்கை மலையகத்திலிருந்து எழுதுகிறேன். தேயிலைத் தோட்டத்து சீரிஸ் 2ஏ வாகனத்தை இருபத்திரண்டு வருடம் ஓட்டியவன்.

எல்லோரும் எதைப் போடுவது என்று பேசுகிறீர்கள். போட்டபின் அது எப்படிச் சாகிறது என்று நான் சொல்கிறேன். உங்கள் வாகனத்தின் முன் சக்கர நடுவில் ஃப்ரீவீல் ஹப் (சக்கரத்தை ஷாஃப்டிலிருந்து விடுவிக்கும் பூட்டு) இருக்கிறதா? எங்கள் தோட்டத்தில் அதை மாட்டிய வாகனங்களில்தான் மேல் ரெயில்கோ புஷ் முதலில் தேய்ந்தது. காரணம் எளிது. சுவிவலுக்குள் எண்ணெய் அடியில் கிடக்கிறது, புஷ் உச்சியில் இருக்கிறது. ஷாஃப்ட் சுற்றினால்தான் யுனிவர்சல் ஜாயிண்ட் எண்ணெயை மேலே வாரி இறைக்கும். ஹப்பை விடுவித்துவிட்டு மாதக்கணக்கில் ஓட்டினால் மேல் புஷ் காய்ந்தே தேயும். மாதத்தில் ஒரு நாளாவது ஹப்பைப் பூட்டிச் சில மைல் ஓட்ட வேண்டும். நான்கு சக்கர இழுப்பைப் போட வேண்டியதில்லை, ஹப்பைப் பூட்டினால் போதும்.

இரண்டாவது, ஆக்சில் உறைமேல் இருக்கும் மூச்சுத்துளை. கடலை அளவு இருக்கும் அதை யாரும் பார்ப்பதில்லை. அது சேற்றில் அடைத்துக்கொண்டால், ஓடிச் சூடான ஆக்சிலுக்குள் காற்று விரிந்து எண்ணெயைச் சீல் வழியாக வெளியே தள்ளும். அந்தச் சூட்டோடு ஓடையில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். உங்கள் சாம்பல் நிறச் சாந்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கழற்றி, ஊதிப் பாருங்கள்.

உங்கள் ஷாஃப்டின் முறுக்கையும் கவனியுங்கள். சேற்றைவிட்டுத் தார்ச்சாலைக்கு ஏறிய பிறகும் சிவப்புக் குமிழ் லீவரை லோ ரேஞ்சிலேயே (மெதுவாக, அதிக இழுவையோடு ஓடும் நிலையிலேயே) வைத்து ஓட்டியிருப்பார்கள். லோ ரேஞ்சில் முன் இழுப்பு தானாகவே விழுந்துவிடும். கெட்டியான சாலையில் வளைவெடுத்தால் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட தூரம் ஓட வேண்டும். அந்த வித்தியாசம் போக வேறு வழியில்லாமல் ஷாஃப்டில் முறுக்காகச் சேரும். அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.


கோஸ்தோட்டத்துப் பிள்ளை, பிரிஞ்சாங்:

மூவருக்கும் நன்றி. அப்பாவிடம் கேட்டேன். கொட்டகையிலிருந்து மொத்த வியாபாரியின் கடை வரை தார்ச்சாலையில் ஒன்றரை மைல், இறக்கம் என்பதால் லோ ரேஞ்சிலேயே போவாராம். “எஞ்சின் பிடித்துக்கொண்டால்தான் வண்டி அடங்கும், பிரேக்கை நம்பி யார் இறங்குவது?” என்றார். ஆக, பிரேக் போதாததால்தான் ஷாஃப்ட் முறுக்கியிருக்கிறது. இரண்டும் தனித்தனி வியாதி என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மூச்சுத்துளையையும் கழற்றிப் பார்த்தேன். கல் போல் அடைத்திருந்தது. ஊசியால் குத்தித்தான் எடுக்க முடிந்தது.

டிஸ்கவரி ஆக்சில் வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். அப்பாவின் ஆக்சிலே இருக்கட்டும். 11 அங்குல பிரேக்கோடு தொடங்குகிறேன். முடிந்ததும் எழுதுகிறேன்.


கோஸ்தோட்டத்துப் பிள்ளை, பிரிஞ்சாங் (ஐந்து மாதம் கழித்து):

முடிந்தது. இதே வேலையைச் செய்யப் போகிறவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

உறையைக் கழற்றி மணல் அடித்துச் சுத்தம் செய்தபோது ஒரு ஸ்பிரிங் தட்டின் ஓரத்தில் முடி அளவு விரிசல் தெரிந்தது. அதை மட்டும் ரிங்லெட் அண்ணன் பட்டறையில் ஒட்டிக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை. வர்ணம் பூசியபின் இரண்டு புதிய குரோம் உருண்டைகள், பேரிங், ரெயில்கோ புஷ், சீல், யுனிவர்சல் ஜாயிண்ட், ஷாஃப்ட் எல்லாம் வந்து சேர ஏழு வாரம் ஆயிற்று. உருண்டையின் பின்புறம் ஷாஃப்டைப் பிடிக்கும் உள் சீல் ஒன்று இருக்கிறது. பலரும் அதை மறந்துவிடுகிறார்கள். அது கெட்டால் வண்டியைச் சரிவில் குறுக்காக நிறுத்தும் ஒவ்வொரு இரவும் டிஃபரன்ஷியல் எண்ணெய் தாழ்ந்த பக்கச் சுவிவலுக்குள் இறங்கும். எங்கள் ஊரில் சமதரையில் நிறுத்த இடம் எங்கே இருக்கிறது?

நான் மிகவும் அஞ்சியது சுவிவலின் இறுக்கத்தைச் சரிப்படுத்தும் வேலைக்குத்தான். சுவிவலை மேலே தாங்கும் முளையின் அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கின்றன. ஒன்றை எடுத்தால் இறுகும், ஒன்றைச் சேர்த்தால் தளரும். வெளிச் சீலையும் ஷாஃப்டையும் போடாமல், ஸ்டியரிங் கையின் துளையில் சுருள்வில் தராசைக் கொக்கியிட்டு இழுத்து, சுவிவல் எந்த எடையில் நகர்கிறது என்று பார்க்க வேண்டும். என்னிடம் பட்டறைத் தராசு இல்லை. அப்பா எழுந்து போய்க் கொட்டகையின் உத்தரத்தில் தொங்கிய தராசைக் கழற்றிக்கொண்டு வந்தார், தக்காளி நிறுக்கும் தராசு. இரண்டு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைத் தொங்கவிட்டுச் சரிபார்த்தோம், சரியாகவே காட்டியது. கையேட்டில் சொன்ன அளவுக்கு வர இடப்பக்கம் மூன்று முறையும் வலப்பக்கம் ஐந்து முறையும் பிரித்துப் பூட்டினேன். ஒவ்வொரு முறையும் அப்பாதான் தராசின் முள்ளைப் படித்துச் சொன்னார். பழகிய கண், நான் பார்ப்பதற்குள் அவர் சொல்லிவிடுவார்.

இந்த இறுக்கத்தைச் சக்கரத்தில் இருந்தும் சோதிக்கலாம். ஜாக்கி போட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் சக்கர பேரிங்கில் குறை. மறையாவிட்டால் சுவிவலில் குறை. இதைத் தெரியாமல் முன்பு ஒரு பட்டறையில் எங்கள் சக்கர பேரிங்கை இரண்டு முறை மாற்றிப் பணம் வாங்கியிருக்கிறார்கள். ஆட்டம் கடைசிவரை சுவிவலில்தான் இருந்திருக்கிறது.

சக்கர நட்டுக்கு 52 மில்லிமீட்டர் பெட்டி ஸ்பேனர் வாங்கிவிடுங்கள். உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டித் திருப்பிய பழைய நட்டுகளின் நிலையைப் பார்த்தால் அழுகை வரும்.

பிரேக்குக்கு வருகிறேன். 109இன் பின்தகடு, டிரம், ஷூ எல்லாம் 88இன் சுவிவலில் மாற்றமின்றி உட்கார்ந்தன. அதில் ஒவ்வொரு ஷூவுக்கும் தனிச் சிலிண்டர், இரண்டுமே சக்கரம் சுற்றும் திசையில் தம்மைத் தாமே இழுத்து இறுக்கிக்கொள்ளும் அமைப்பு. அதிக எண்ணெய் தள்ள வேண்டியிருப்பதால் மாஸ்டர் சிலிண்டரையும் 109க்கு உரியதாக மாற்றினேன். இல்லாவிட்டால் மிதி தரை வரை போய்விடும். முதல் முறை பூட்டியபோது மிதித்தால் பஞ்சு போல் இருந்தது. இரண்டு சிலிண்டர்களையும் இணைக்கும் சிறு குழாயில் காற்று மாட்டிக்கொண்டு வர மறுத்தது. ஷூக்களைக் கழற்றி, பிஸ்டன்களை முழுவதும் உள்ளே தள்ளிக் கட்டிவைத்துக் காற்றை எடுத்த பிறகுதான் மிதி கல் போல் ஆயிற்று. இதற்கு மட்டும் மூன்று மாலை வேளைகள் போயின.

சென்ற ஞாயிறு காலை வெறும் வண்டியை மேல்மேட்டுக்கு ஏற்றினேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். இறங்கும்போது பாதிச் சரிவில் “மிதி” என்றார். மிதித்தேன், நின்றது. “இன்னொரு தடவை” என்றார். கொட்டகை வருவதற்குள் ஏழு இடத்தில் நிறுத்தச் சொன்னார். மண்மேட்டுத் திருப்பத்தில் மட்டும் ஒன்றும் சொல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு சந்தேகம் மீதி இருக்கிறது. அழுத்தி மிதித்தால் வண்டி லேசாக இடப்பக்கம் இழுக்கிறது. சுவிவலில் எண்ணெய்க்குப் பதிலாக பிற்கால லேண்ட்ரோவருக்குப் போடும் கெட்டிக் கிரீஸைப் போடலாம் என்று ஒருவர் சொன்னார், போடலாமா?


ரிங்லெட் பட்டறை:

தம்பி, இடப்பக்கம் இழுத்தால் வலப்பக்க பிரேக் குறைவாகப் பிடிக்கிறது என்று பொருள். இந்த வகை டிரம்மில் சக்கரத்துக்கு இரண்டு சரிப்படுத்தும் போல்ட்டுகள் உண்டு, ஷூவுக்கு ஒன்று. 10 அங்குல டிரம்மில் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பழக்கத்தில் வலப்பக்கம் ஒன்றை மட்டும் திருப்பி விட்டிருப்பீர்கள். சக்கரத்தைத் தூக்கி, ஒவ்வொன்றையும் சக்கரம் பூட்டிக்கொள்ளும் வரை இறுக்கி, பிறகு உரசாமல் சுற்றும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். அதற்குப் பிறகும் இழுத்தால் ஷூவில் எண்ணெய் பட்டிருக்கிறதா என்று டிரம்மைக் கழற்றிப் பாருங்கள்.

கிரீஸ் வேண்டாம். அது தேய்ந்த உருண்டைக்குச் செய்யும் சமாதானம். உங்களுடையது புதிய குரோம், யுனிவர்சல் ஜாயிண்ட். ஹட்டன் ஐயா சொன்னது போல மேல் புஷ்ஷுக்கு எண்ணெய் தெறித்துப் போக வேண்டும். இ.பி. 90 கியர் எண்ணெயை மட்டத் துளை வரை ஊற்றுங்கள்.

இன்னொன்று, இது முக்கியம். முன்னோக்கிப் போகும்போது இறுக்கிக்கொள்ளும் அதே இரண்டு ஷூக்களும் பின்னோக்கி உருளும்போது தள்ளிக்கொண்டு விலகப் பார்க்கும். ஆகவே இந்த பிரேக் பின்னோக்கிப் பிடிப்பது அரைகுறையாகத்தான். சுமையோடு ஏற்றத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் மிதியை மட்டும் நம்பாதீர்கள். லோ ரேஞ்சில் முதல் கியரையோ ரிவர்ஸையோ போட்டுக் கிளட்சை விட்டுவிடுங்கள், கைப்பிரேக்கையும் இழுங்கள், அதன்பிறகு யோசியுங்கள். பின்சீட்டில் எப்போதும் சக்கரத்துக்கு அடைகொடுக்க ஒரு மரக்கட்டை இருக்கட்டும்.


கோஸ்தோட்டத்துப் பிள்ளை, பிரிஞ்சாங்:

அண்ணன் சொன்னதுதான். வலப்பக்கம் கீழ் போல்ட்டை நான் தொடவே இல்லை. இன்று மாலை இரண்டையும் சரிப்படுத்தினேன், இப்போது நேராக நிற்கிறது. சுவிவல் இரண்டிலும் இ.பி. 90 ஊற்றியாயிற்று. பின்னோக்கிப் பிடிக்காது என்பதை அப்பாவிடம் சொன்னேன். எழுந்து போய், பழைய உத்தரத்திலிருந்து அறுத்த சாய்வுக்கட்டை இரண்டைக் கொண்டுவந்து பின்னால் போட்டார். பிடித்துத் தூக்க ஒவ்வொன்றிலும் கயிறு கட்டியிருக்கிறது. புதன்கிழமை முதல் சுமை: நாற்பது கூடை.